குறைந்த ஒலியும் நிறைந்த சொல்லும்

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையிலே மரண அறிவித்தல்கள் வாசிக்கப்படும் வேளை, யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி இல்லங்களில் நெடுங்காலமாகப் பேச்சடங்கிய வேளையாக இருந்தது. புங்குடுதீவைப் போன்ற ஓர் ஊரில் அதற்குத் தக்க காரணம் உண்டு. கிழக்கே வேலணையோடு தாம்போதியால் இணைந்து, மேற்கே குறிகட்டுவான் துறையை உடையது இத்தீவு. ஒல்லாந்தர் தம் ஆட்சிக்காலத்தில் தமது நாட்டு நகரமொன்றின் பெயரையிட்டு இதனை மிடில்பேர்க் என்றழைத்தனர். இவ்வூர் மக்களுட் பலர் தலைமுறை தலைமுறையாகக் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் வணிகஞ் செய்து வாழ்ந்தவர்கள். அவர்களுள் ஒருவர் தலைநகரில் உயிர் நீத்தால், அச்செய்தி ஊரிலுள்ள உறவினர் அனைவருக்கும் ஒரே வேளையில் எட்டும் வழி வானொலியாகவே இருந்தது. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் உள்ள சுற்றத்தாரோ படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து தரைவழி செல்லவேண்டியவர்கள். ஆகவே இறந்தவர் பெயர், ஊர், நாள், நேரம் ஆகிய நான்கும் பிழையறச் செவியில் விழுதல் வேண்டும். ஒன்று தவறினாலும் இறுதிக் கடனுக்குப் போய்ச் சேர இயலாமற் போய்விடும்.

ஆயினும், கொழும்பிலே ஒலிபரப்புக் கூடத்தில் வாசித்தவருடைய குரல், ஏறத்தாழ 300 கிலோமீற்றர் வடக்கேயுள்ள அத்தீவுக்கு முழுமையாக வந்து சேர்ந்ததில்லை. குரலின் அடிப்பகுதி ஓரளவும், மேற்பகுதி பேரளவும் வழியிலே கழிந்தன. எஞ்சியவற்றோடு இரைச்சலும் கலந்து வந்தது. அவ்வாறிருந்தும் கேட்டவர்கள் பெரும்பாலும் விளங்கிக்கொண்டார்கள். ஒலியிற் பெரும்பகுதி நீங்கிய பின்பும் சொல் எங்ஙனம் விளங்குகிறது, எப்போது விளங்காமற் போகிறது என்பவை சென்ற நூற்றாண்டில் அறிஞர்கள் அளந்து கண்ட உண்மைகள். அவ்வுண்மைகளை அறிவதால் பேசுபவருக்கும் பயனுண்டு, கேட்பவருக்கும் பயனுண்டு.

முதலிற் பேச்சொலியின் அமைப்பை நோக்குதல் வேண்டும். ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் அதிர்வெண். பௌதிக நூல்கள் இதனை மீடிறன் என்றும் கூறும். இளமையும் நலமும் உடைய செவி, செக்கனுக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலிகளை உணரும். ஆண்மகன் ஒருவர் பேசும்போது அவருடைய குரல்நாண்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 100 முதல் 150 முறை வரை அதிர்கின்றன. பெண்ணின் குரல்நாண்கள் 200 முறையளவில் அதிர்கின்றன. இவ்வடிப்படை அதிர்வின்மேல் அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கான அதிர்வுகள் பலவும் உடன் தோன்றுகின்றன. தொண்டையும் வாயும் மூக்கும் இவற்றுட் சிலவற்றை வலுப்படுத்தி, சிலவற்றை அடக்குகின்றன. நாவும் இதழும் நிலை மாறுந்தோறும் வலுப்பெறும் இடங்களும் மாறுகின்றன. இவ்வாறு வலுப்பெற்ற இடங்களைப் பரிவு உச்சங்கள் எனலாம். ஒவ்வோர் உயிரெழுத்தும் தனக்குரிய பரிவு உச்சங்களாலேயே பிற உயிர்களினின்றும் வேறுபடுகிறது.

மெய்யெழுத்துக்களின் இயல்பு வேறு. வல்லின மெய்யை ஒலிக்கும்போது காற்று ஒருகணம் தடைப்பட்டுச் சட்டென வெடித்து வெளிப்படுகிறது. அவ்வெடிப்பின் அடையாளம் பெரும்பாலும் 1,000 அதிர்வுக்கு மேற்பட்ட பகுதியிலே தங்கியுள்ளது. உரசி வரும் சகர ஒலியின் வலிமையோ 4,000 அதிர்வுக்கும் மேலே போய்விடுகிறது. பேச்சின் வலு முழுவதையும் நிறுத்துப் பார்த்தால், அதிற் பெரும்பங்கு 500 அதிர்வுக்குக் கீழேயே கிடக்கிறது. சொல்லை விளக்கும் ஆற்றலிற் பெரும்பங்கோ வலுக்குறைந்த மேற்பகுதியில் இருக்கிறது. பேச்சைக் கெடுக்கும் தடைகள் பலவும் இம்மேற்பகுதியையே முதலில் தின்றுவிடுகின்றன என்பதே இதிலுள்ள இடர்.

அத்தடைகள் எவை? மத்திய அலையில் ஒலிபரப்பு நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. ஆசிய நாடுகளில் 1978ஆம் ஆண்டு முதல் இரு நிலையங்களுக்கிடையே 9,000 அதிர்வு இடைவெளியே வகுக்கப்பட்டது. ஒன்றன் குரல் மற்றதன் எல்லைக்குட் புகாதிருக்க வேண்டுமாயின், குரலின் அதிர்வெண் ஏறத்தாழ 4,500க்கு மேற்போதலாகாது. பல வானொலிப் பெட்டிகள் அதனினும் குறைவாகவே தந்தன. சிற்றலையில் நெருக்கம் இன்னும் மிகுதி. அன்றியும் சிற்றலை, வானத்தின் உயரத்திலுள்ள மின்னேற்ற மண்டலத்திற் பட்டுத் திரும்பி வருவது. ஒரே குரல் இரண்டு மூன்று வழிகளாற் சற்று முன்பின்னாக வந்து சேரும்போது, சில அதிர்வெண்களில் ஓர் அலை மற்றோர் அலையை அழித்துவிடுகிறது. அழிவுண்ட அவ்விடம் நிலையாக நில்லாமற் குரலின் ஊடாக மேலுங்கீழும் ஊர்ந்து செல்கிறது. குரல் திடீரெனக் குகைக்குட் புகுந்தாற்போல மங்கி மீண்டும் தெளிவதைச் சிற்றலை கேட்டவர்கள் நன்கறிவர். அவ்வேளையில் வானமே ஒரு வடிகட்டியாகத் தொழிற்படுகிறது.

தொலைபேசியும் ஒரு வடிகட்டியே. பழைய தொலைபேசித் தடங்கள் 300 அதிர்வு முதல் 3,400 அதிர்வு வரையுள்ள பகுதியை மட்டுமே எடுத்துச் சென்றன. இதிலே ஒரு வியப்பு உண்டு. ஆண்குரலின் அடிப்படை அதிர்வு 100க்கும் 150க்கும் இடைப்பட்டதெனக் கண்டோம். அப்பகுதி தொலைபேசியில் அறவே இல்லை. எனினும் மறுமுனையிற் கேட்பவருக்கு அது பெண்குரலாகவோ சிறுவன் குரலாகவோ மாறித் தோன்றுவதில்லை. தந்தை தந்தையாகவே பேசுகிறார். மேலே எஞ்சிய அதிர்வுகள் யாவும் எதன் மடங்குகளோ, அந்த வாராத அடிப்படையைச் செவியும் மூளையும் தாமே உய்த்துணர்ந்து கொள்கின்றன. சட்டைப்பையில் அடங்கும் சிறு வானொலிப் பெட்டியிலும் இதுவே நிகழ்கிறது. அதன் சிறிய ஒலிபெருக்கி ஆழ்ந்த ஒலியை எழுப்ப வல்லதன்று. ஆனாலும் அறிவிப்பாளரின் ஆழ்ந்த குரல் ஆழ்ந்ததாகவே கேட்கிறது.

ஒலியை வடிகட்டினால் விளக்கம் எவ்வளவு குறையும் என்பதை முறையாக அளக்கத் தொடங்கியவர்கள் அமெரிக்காவின் தொலைபேசி ஆராய்ச்சியாளர்கள். கம்பியில் எவ்வளவு அதிர்வெண்ணைச் செலுத்தினாற் போதும் என்பது அவர்களுக்கு வணிக வினாவுமாகும். தேவைக்கு மேற் செலுத்தினாற் செலவு மிகும், குறைத்துச் செலுத்தினாற் பேச்சு விளங்காது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி பிளெட்சரும் அவர்தம் குழுவினரும் பொருளற்ற அசைகளை ஒருவரைக்கொண்டு வாசிக்கச் செய்து, பலரைக்கொண்டு கேட்டெழுதச் செய்தார்கள். பொருளுள்ள சொல்லாயின் கேட்பவர் ஊகித்து எழுதிவிடக்கூடும். ஆகவே செவியின் திறனை மட்டும் அளக்கப் பொருளற்ற அசைகள் வேண்டப்பட்டன. இவ்வாய்வுகளின் பயனை பிரெஞ்ச், ஸ்டைன்பெர்க் என்னும் இருவர் 1947ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டனர்.

அதிற் கண்ட முடிவு எவரும் எதிர்பாராதது. பேச்சை 1,900 அதிர்வு என்னும் எல்லையில் இரண்டாகப் பிளந்து, கீழ்ப்பாதியை மட்டும் கேட்பித்தபோது அசைகளுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரியாக அறியப்பட்டது. மேற்பாதியை மட்டும் கேட்பித்தபோதும் அதே அளவு அறியப்பட்டது. ஆகவே பேச்சின் விளக்கம் ஏதேனும் ஓரிடத்தில் மட்டும் குவிந்து கிடப்பதன்று. அது பரந்து விரவியிருக்கிறது. ஒரே மெய்யின் அடையாளம் பல இடங்களிற் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதியில் அவ்வடையாளம் தவறினாலும் மற்றொரு பகுதி காப்பாற்றும். உதாரணமாக, ஒரு பகுதியை மட்டும் கேட்கும்போது பத்தில் ஓர் எழுத்துத் தவறுமாயின், அதனோடு தொடர்பில்லாமற் பத்தில் ஒன்று தவறும் இன்னொரு பகுதியையும் சேர்த்துக் கேட்கும்போது, இரண்டிலும் ஒருங்கே தவறுவது நூற்றில் ஒன்றேயாம். இயற்கை பேச்சுக்கு அளித்த பெருங்காப்பு இது.

இக்காப்பு எல்லா எழுத்துக்களுக்கும் ஒரே வகையாய் அமைந்ததா என்னும் வினாவுக்கு 1955ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. ஜோர்ஜ் மில்லர், பற்றீசியா நைஸ்லி என்னும் இருவரும் ஆங்கிலத்தின் பதினாறு மெய்யொலிகளை எடுத்து, மேற்பகுதியை வெட்டியும், கீழ்ப்பகுதியை வெட்டியும், இரைச்சலைக் கலந்தும், எந்த ஒலி எந்த ஒலியாகத் தவறிக் கேட்கிறது என்று கணக்கெடுத்தார்கள். மேற்பகுதி வெட்டப்பட்டபோது ஏற்பட்ட பிழைகள் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டிருந்தன. மூக்கொலி மூக்கொலியாகவே கேட்டது. குரலதிர்வுடைய மெய்யும் குரலதிர்வற்ற மெய்யும் தம்முள் அதிகம் மயங்கவில்லை. வாயில் எவ்விடத்திற் பிறந்தது என்பதுதான் முதலில் மறைந்தது. பகரமும் தகரமும் ககரமும் ஒன்றோடொன்று மயங்கின.

தமிழிலக்கணம் பயின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்திலே பிறப்பியல் என்னும் இயல் ஒவ்வோர் எழுத்தும் எங்கே, எவ்வாறு பிறக்கிறது என்று வகுத்துக் கூறுகிறது. மெய்கள் வல்லினம், மெல்லினம், இடையினம் என இனத்தாலும் பிரிக்கப்பட்டுள்ளன. வடிகட்டியினூடே வரும்போது மெல்லினம் மெல்லினமாகத் தெரிகிறது, வல்லினம் வல்லினமாகத் தெரிகிறது. ஆனால் அவ்வினத்துள் எந்த எழுத்து என்பது மறைந்துவிடுகிறது. பட்டு, தட்டு, கட்டு என்னும் மூன்று சொற்களும் முதலெழுத்தின் பிறப்பிடம் ஒன்றினாலேயே வேறுபடுவன. மேற்பகுதி நீங்கிய குரலில் இம்மூன்றும் ஒரே சொல்லாகிவிடும்.

தமிழுக்கு இதிலே ஒரு தனி இடரும் ஒரு தனிக் காப்பும் உண்டு. குரலதிர்வு உண்டா இல்லையா என்னும் வேறுபாடு வடிகட்டியைத் தாங்கி நிற்பது. ஆயின் தமிழ் அவ்வேறுபாட்டால் எழுத்தைப் பிரிப்பதில்லை. பிறப்பிட வேறுபாடு எளிதில் அழிவது. தமிழோ அதனையே பெரிதும் நம்பியுள்ளது. ந, ன, ண என்றும், ல, ள, ழ என்றும் நாவின் நுண்ணிய அசைவுகளால் எழுத்துக்களைப் பிரிக்கிறது. ற்ற என்பதனைப் பல்லினத் தகரத்திலிருந்தும் வளைநா டகரத்திலிருந்தும் வேறாக ஒலிக்கும் யாழ்ப்பாணத்துப் பேச்சில் இந்நுண்மை இன்னும் மிகுதி. இது இடர். காப்பு யாதெனின், மாத்திரையாகும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்னும் கால அளவை எந்த வடிகட்டியும் அழிக்க இயலாது. படு என்பதும் பாடு என்பதும், படு என்பதும் பட்டு என்பதும் அதிர்வெண்ணால் மட்டுமன்றிக் காலத்தாலும் வேறுபடுவன. ஒலி மங்கினாலும் காலம் மங்குவதில்லை. ஆகவே நெடிலை நெடிலாகவும், இரட்டித்த மெய்யை இரட்டித்தும் ஒலிக்கும் அறிவிப்பாளர் கேட்பவருக்குப் பேருதவி செய்கிறார்.

உயிரெழுத்துக்களிலும் மயக்கம் நேரும். இகரத்தின் முதற் பரிவு உச்சம் 300 அதிர்வை அடுத்தும், இரண்டாவது 2,000க்கு மேலும் அமைகிறது. உகரத்தின் முதல் உச்சமும் ஏறத்தாழ அதேயிடத்தில் அமைய, இரண்டாவது மட்டும் 1,000க்குக் கீழே அமைகிறது. ஆகவே தடித்த சுவருக்கு அப்பால் நின்று கேட்பதுபோல மேற்பகுதி முழுவதும் வெட்டுண்டால் இகரம் உகரம்போலக் கேட்கும். பிற இடங்களில் இதனால் வரும் நட்டம் சிறிது. யாழ்ப்பாணத்திலோ அண்மையிலுள்ளதை இது என்றும், சேய்மையிலுள்ளதை அது என்றும் சொல்வதோடு, முன்னிற்பவர் பக்கத்திலுள்ளதை உது என்றும் சொல்லும் பழந்தமிழ் வழக்கு இன்றும் உயிரோடிருக்கிறது. சுவருக்கு அப்பாலிருந்து ஒருவர் இதை எடு என்று கூறினால், உதை எடு என்று கேட்பவர் வேறொன்றை எடுத்து நிற்பார். அது என்பதோ மயங்காது. அகரத்தின் முதல் உச்சமே உயர்ந்த இடத்தில் அமைந்துள்ளது.

இனி, மரண அறிவித்தலிலே வரும் பெயர்களை இவ்வறிவோடு நோக்கினால் உண்மை புலனாகும். கந்தையா, தம்பையா என்பன தீவுப்பகுதியில் வீதிக்கு வீதி வழங்கிய பெயர்கள். இரண்டிலும் முதலில் ஒரு வல்லினம், பின்னர் அகரம், பின்னர் மெல்லினமும் வல்லினமும் சேர்ந்த இணை, ஈற்றில் ஒரே முடிவு. வேறுபாடு பிறப்பிடத்தில் மட்டுமே உள்ளது. அதுவே முதலில் அழிவது. செல்லம்மா, பொன்னம்மா என்னும் பெயர்களும் அத்தகையனவே. எகரத்தின் இரண்டாம் உச்சம் மறைந்தால் அது ஒகரத்தை ஒக்கும். சகரத்தின் உரசல் மறைந்தால் அது மெலிந்த ஒரு தொடக்கமாகவே எஞ்சும். லகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள வேறுபாடும் மங்கும். ஒருவருடைய வீட்டுக்குச் செல்லவேண்டிய உறவினர் இன்னொருவருடைய வீட்டு வாசலிற் போய் நிற்க இதுவே போதும்.

ஆயின் அவ்வாறு நின்றவர்கள் சிலரே. ஏனெனில் செவி தனித்துத் தொழில் செய்வதில்லை. 1951ஆம் ஆண்டில் மில்லரும் அவரோடு ஹைஸ், லிக்டன் என்னும் இருவரும் நடத்திய ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. இரைச்சலுக்கிடையே ஒரு சொல்லைத் தனியே சொன்னால் விளங்காதது, வாக்கியத்தினுள் வைத்துச் சொன்னால் விளங்குகிறது. வரக்கூடிய சொற்கள் சிலவே என்று முன்னரே தெரிந்தால் மிகுந்த இரைச்சலிலும் அச்சொல் பிடிபடுகிறது. ஆயிரத்துள் எதுவும் வரலாம் என்றால் அதே இரைச்சலில் அச்சொல் நழுவுகிறது. எனவே ஒரு சொல் விளங்குவது அதன் ஒலியை மட்டும் பொறுத்ததன்று. அவ்விடத்தில் வேறு எவ்வெச்சொற்கள் வந்திருக்கக்கூடும் என்பதையும் பொறுத்தது.

மரண அறிவித்தலின் அமைப்பு இவ்வுண்மைக்கு முற்றும் இயைந்தது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாருடைய அன்பு மகனும், இன்னாருடைய அன்புக் கணவரும், இன்னார் இன்னாருடைய பாசமிகு தந்தையும் ஆவார் என்று அது செல்லும். இவ்வாய்பாடு கேட்பவருக்கு மனப்பாடம். எந்த இடத்தில் ஊர் வரும், எந்த இடத்திற் பெயர் வரும் என்பது அவருக்கு முன்னரே தெரியும். ஊர் என்றதும் அவர் செவி சில பெயர்களுக்கே காத்திருக்கிறது. வாய்பாட்டுச் சொற்கள் பாதி அழிந்து வந்தாலும் நட்டமில்லை. வாய்பாட்டால் ஊகிக்க இயலாதது இறந்தவரின் பெயர் ஒன்றே. கேட்பவருக்கு மிக இன்றியமையாததும் அதுவே. அதனைக் காப்பது உறவுமுறைப் பட்டியல். கந்தையாவோ தம்பையாவோ என்று ஐயுற்றவருக்கு, மனைவியின் பெயரும் மக்களின் பெயர்களும் ஒவ்வொன்றாக வரவர ஐயம் நீங்குகிறது. ஐந்து பெயர்களும் ஒருங்கே மயங்குதல் அரிது. அயலார் சிலர் நீண்ட பட்டியலென்று கருதக்கூடிய அது, பழுதுற்ற ஒலியைப் பழுதுபார்க்கும் கருவியாகவும் அமைந்தது. உறவைப் போற்றும் நோக்கத்தால் எழுந்த வழக்கம் விளக்கத்துக்கும் அரணாயிற்று.

மனம் இவ்வாறு இட்டு நிரப்புவதன் ஆற்றலை 1970ஆம் ஆண்டில் றிச்சர்ட் வாரன் என்னும் உளவியலறிஞர் காட்டினார். ஓர் ஆங்கில வாக்கியத்தைப் பதிவு செய்து, அதிலுள்ள சொல்லொன்றில் ஓரெழுத்தின் ஒலியை முற்றாக வெட்டியெடுத்து, அவ்விடத்திலே ஓர் இருமலை ஒட்டினார். கேட்டவர்கள் இருபதின்மர். அவருட் பத்தொன்பதின்மர் எந்த எழுத்தும் விடுபடவில்லை என்றனர். எஞ்சிய ஒருவரோ விடுபட்டது எதுவென்று பிழையாகச் சொன்னார். இருமல் எந்த இடத்தில் ஒலித்தது என்பதையும் அவர்களாற் சரியாகச் சுட்ட இயலவில்லை. மனம் நிரப்பியதும் செவி கேட்டதும் வேறுவேறென்று கேட்பவருக்கே தெரிவதில்லை என்பது இதன் பொருள். வாரனும் அவர் குழுவினரும் 1995ஆம் ஆண்டில் இன்னொன்றும் கண்டனர். 1,500 அதிர்வை அடுத்த மிக ஒடுங்கிய ஒரு கீற்றை மட்டும் விட்டு மற்றெல்லாவற்றையும் வெட்டியபோதும், அன்றாட வாக்கியங்களின் சொற்களிற் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை விளங்கின.

இவ்வாற்றல் வரமாவதும் உண்டு, கேடாவதும் உண்டு. 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் தடைப்பட்டது. போரினால் 1990களின் தொடக்கத்திலே புங்குடுதீவினின்றும் அயற்றீவுகளினின்றும் பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். மின்கலமும் கிடைத்தற்கரிதான அக்காலத்தில், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாய் நிறுத்தி ஒருவர் மிதியைச் சுழற்ற, அதன் தைனமோவிற் பிறந்த மின்னால் வானொலிப் பெட்டி பேசியது. 1941ஆம் ஆண்டிற் தொடங்கி 2017ஆம் ஆண்டு வரை ஒலித்த பீபீசி தமிழோசையைச் சிற்றலையில் இவ்வாறு கேட்டவர்கள் பலர். மிதி தளர்ந்தாற் குரல் தளரும். வானத்து மண்டலம் அசைந்தாற் குரல் மங்கும். வந்ததோ எறிகணையும் இடப்பெயர்வும் பற்றிய செய்தி. அதிலே வாக்கியத்தின் பெரும்பகுதி எவரும் ஊகிக்கத்தக்கது. ஊகிக்க இயலாதவை ஊரின் பெயரும் தொகையுமே.

அத்தகைய வேளையில் மனம் எதனை இட்டு நிரப்பும்? எதிர்பார்ப்பதை நிரப்பும். அஞ்சியிருப்பவர் எதிர்பார்ப்பது தாம் அஞ்சுவதையே. மகன் தங்கியுள்ள ஊரின் பெயரை மனத்திற் சுமந்திருக்கும் தாய்க்கு, மங்கி வந்த எந்தப் பெயரும் அவ்வூரின் பெயராகக் கேட்கக்கூடும். அவள் பொய் சொல்லவில்லை. தெளிவாகக் கேட்டதாகவே அவள் உணர்வாள். வாரனின் இருமலைக் கேட்டவர்களும் அவ்வாறே உணர்ந்தார்கள். ஆகவே இடர்க்காலத்தில் ஒருவர் செவியை மட்டும் நம்புதல் நன்றன்று. ஒரே பெட்டியைச் சூழ்ந்திருந்து கேட்ட பலர், தாம் கேட்டதைத் தனித்தனியே சொல்லி ஒப்பிடுதல் நன்று. மறு ஒலிபரப்பை எதிர்பார்த்திருத்தல் இன்னும் நன்று. செய்தி வாசிப்பவருக்கும் இதிற் கடமை உண்டு. ஊரின் பெயரை மட்டும் கூறி விடாது, வேலணைக்கு மேற்கேயுள்ள புங்குடுதீவு என்று அயலையும் சேர்த்துக் கூறுதல், தொகையை இருமுறை கூறுதல், பெயருக்கு முன்னும் பின்னும் சிறிது நிறுத்துதல் ஆகியவை அலங்காரங்களல்ல, அவை உயிர்க்காப்புகள். மண்டைதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு எனத் தீவுப் பெயர்கள் யாவும் ஒரே முடிவை உடையன. வேறுபாடு முற்பகுதியிலேயே உள்ளது. அம்முற்பகுதியை விழுங்கி வாசிப்பவர் கேட்பவருக்கு எதையும் மீதி வைப்பதில்லை.

வடிகட்டி வெளியிலே மட்டும் இருப்பதன்று. செவிக்குள்ளும் அது வளர்கிறது. முதுமையில் மேல் அதிர்வெண்களைக் கேட்கும் ஆற்றலே முதலிற் குறைகிறது. சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்று முதியோர் கூறும் முறைப்பாடு முற்றும் உண்மையானது. உயிரெழுத்துக்களின் முழக்கம் அவர்களை அடைகிறது. மெய்யெழுத்துக்களின் நுனி அடைவதில்லை. இளையோர் இதனையறியாது உரத்துக் கத்துகின்றனர். கத்துவதால் உயிரெழுத்தே பெருக்கிறது. மெய்யெழுத்து அவ்வளவு பெருப்பதில்லை. முதியவரோ தம்மைக் கடிந்ததாக எண்ணி மனம் வருந்துகிறார். உண்மையான உதவி வேறு. முகத்தில் வெளிச்சம் படும்படி நேரே இருந்து பேசுதல் வேண்டும். எழுத்து எங்கே பிறந்தது என்பதே செவியில் மறைவது. பகரமும் மகரமும் இதழிற் பிறப்பதைக் கண் காண்கிறது. செவி இழந்ததிற் சிறிதைக் கண் மீட்டுத் தருகிறது. அடுத்து, பொருளை முதலிற் சொல்லிப் பின்னர் விவரத்தைச் சொல்லுதல் வேண்டும். கிணற்றைப் பற்றிய பேச்சு என்று தெரிந்துவிட்டால், பின்வரும் சொற்களை முதியவர் மனம் தானே பொருத்திக்கொள்ளும். விளங்கவில்லையாயின் அதே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறாது, வேறு சொல்லாற் கூறுதல் நன்று. ஒரு முறை மயங்கிய ஒலி மறுமுறையும் மயங்கவே செய்யும்.

ஐயமுறுவோர் இவற்றை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பேசிக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டியைத் தலையணையால் மூடினால் மேற்பகுதி அடங்கிக் கீழ்ப்பகுதி எஞ்சும். காதிற் செருகும் கேட்பொறியைக் காதினின்றும் சற்று விலக்கிப் பிடித்தால் கீழ்ப்பகுதி போய் மேற்பகுதி எஞ்சும். முதலாவதிற் குரலின் இசை தெரியும், சொல் மங்கும். இரண்டாவதில் இசை மெலியும், சொல் தெரியும். தெரிந்த செய்தியை வாசிப்பதாயின் இரண்டிலும் விளங்கும்; அறியாத பெயர்ப்பட்டியலை வாசிப்பதாயின் முதலாவதிற் பிழை மலியும். குறிகட்டுவான் கரையில் நின்று, கடல் கடந்து வரும் கோயில் ஒலிபெருக்கியைக் கேட்பவருக்கும் இதுவே அநுபவம். தூரம் கூடக்கூடக் காற்று மேல் அதிர்வெண்களையே மிகுதியாக உறிஞ்சுகிறது. ஆகவே எந்தப் பாட்டு என்பது புலப்படும். என்ன அறிவித்தல் என்பது புலப்படாது. தெரிந்த பாட்டாயின், வராத சொற்களையும் மனம் பாடிக்கொள்ளும்.

இக்காலத்துக் கைத்தொலைபேசித் தடங்கள் சில 50 அதிர்வு முதல் 7,000 அதிர்வு வரை எடுத்துச் செல்ல வல்லன. புங்குடுதீவினின்றும் கனடாவுக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சென்ற மக்களின் குரல், முன்னைய தலைமுறை கேட்டதைவிட இன்று மிக முழுமையாக ஊருக்கு வந்து சேர்கிறது. எனினும் ஊரிலே அதைக் கேட்பவர் பெரும்பாலும் முதியவர். கருவி திறந்துவிட்ட மேற்பகுதியை அவர் செவி மூடிவைத்திருக்கிறது. கருவி எவ்வளவு திருந்தினும் இறுதி வடிகட்டி கேட்பவரிடத்திலேயே உள்ளது. ஆகவே தொலைவிலிருந்து பேசும் பிள்ளை, பெயரையும் நாளையும் நிறுத்திச் சொல்லுதல் வேண்டும். சொன்னதைத் தாய் திரும்பச் சொல்லக் கேட்டுச் சரிபார்த்தல் வேண்டும். ஒலியிற் குறைந்ததை மனம் நிறைக்கும். மனம் நிறைத்தது சரிதானா என்பதை மறுமுறை கேட்டறிதல் ஒன்றே காட்டும்.